தீபம் முடிந்தும் வந்த மழை

நன்றி சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்ன செய்ய, என் சுபாவம் அப்படி. ஆனாலும் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். கால் இருக்கிறது. ஒரு விரல்தான் போயிற்று. அவர் பிழைக்கக் காரணமானவர்களில் முக்கால்வாசிப் பேர் என் தெருவிலேயே இருக்கிறார்கள். காலையில் வாசல் தெளிக்கும்போது அவர்கள் முகத்தில்தான் விழிக்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கட்டில் தறி, பின்கட்டில் நாங்கள். தறி என்றால் குழித்தறி. தரையில் இடுப்பளவு குழி வெட்டி, நெய்கிறவர் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். கையும் கண்ணும் மேலே, கால் கீழே. என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்து அந்தக் குழியில் கால் விட்டவர். நான் கல்யாணமாகி வந்த மறு மாதமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா, அதாவது ஊடை நூல் வைத்த ஓடக்கட்டை, தள்ளக் கற்றுக்கொண்டேன். கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோக்க வேண்டும், அதனால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதில் பாதி அந்தத் தறியில்தான். சமாதானமானதும் அங்கேதான்.

அவருக்குச் சர்க்கரை வந்து வெகு காலம் ஆகிறது. மூன்று கோடைக்கு முன்னால் உள்ளங்காலில், மிதிகட்டை படுகிற இடத்தில், ஒரு புண் வந்தது. ஆறும், மறுபடி வாய் திறக்கும். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, சத்தம் போட்டுப் பேச மாட்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அம்மா, இந்தக் கால் காஞ்சுபோய் இருக்கணும். ஈரம் படக்கூடாது. அழுக்குத் தண்ணி பட்டா காலையே எடுக்க வேண்டி வரும். அவர்கிட்ட சொன்னா சிரிக்கிறார், அதனால உங்ககிட்ட சொல்றேன்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, அந்தக் காலை ஈரம் படாமல் பார்த்துக்கொள்வது. கட்டு மாற்றுவேன், வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பேன், குழிக்குள் இறங்குவதற்கு முன் கையை விட்டு அடிமண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். "குழந்தை தொட்டில்ல ஈரமான்னு தொட்டுப் பாக்கற மாதிரி பாக்கறா" என்று கிண்டல் செய்வார். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறக்கும்போது எல்லார் வீட்டிலும் குழியின் அடியில் ஆற்று மணலைக் கொட்டி, மேலே சாக்கு விரிப்பார்கள். அடைமழையில் பூமியிலிருந்து ஊறுகிற ஈரத்தை மணல் வாங்கிக்கொள்ளும். குழி கொஞ்சம் மேடாகிவிடுவதால் மிதிகட்டை சரியாக இறங்காது, வேலை பாதிதான் ஓடும். கார்த்திகை தீபம் முடிந்ததும் நல்ல நாள் பார்த்து மணலை அள்ளி வெளியே கொட்டுவார்கள். குழியைச் சாணம் கரைத்து மெழுகி, கற்பூரம் காட்டி, பழைய ஆழத்தில் வேலை தொடங்கும். தீபம் முடிந்தும் ஒரு வீட்டுக் குழியில் மணல் இருந்தால் அந்த வீட்டுக்காரன் சோம்பேறி என்று அர்த்தம். தெருவே வந்து கேட்கும். "இன்னாபா, இன்னும் மழையிலயா இருக்கற?"

அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் மழைக்கு மாதம் தெரிந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை என்றால் வந்தது, தீபத்தோடு போயிற்று. இப்போது அது தை மாதம் வருகிறது. மாசியில் வருகிறது. நடு வெயிலில் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மாத மழையை ஒரு மத்தியானத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பட்டு இழை காய்ந்து பட்டுப்பட்டென்று அறுகிற அளவுக்கு வெயில். ஐப்பசியிலோ சில வருஷம் வானம் வெளுத்துக் கிடக்கிறது. மணலைக் கொட்டிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தீபம் முடிந்ததும் மணலை எடுத்தோம். "வெச்சிருக்கலாமேங்க, உங்க காலுக்காவது" என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர், "தீபம் முடிஞ்சி மணலு வெச்சிருந்தா தெரு சிரிக்கும்" என்றார். அரசியல்வாதிகள் மட்டும்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தெருவே சேர்ந்து நல்ல நாள் பார்த்து மூடிக்கொண்டது.

இதோடு இன்னொன்றும் நடந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு கால்வாய் இருந்தது. பெரியதில்லை, ஒரு ஆள் தாண்டலாம். எவ்வளவு மழை பெய்தாலும் தெருத் தண்ணீர் அதன் வழியாக ஏரிப் பக்கம் போய்விடும். பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வேன், கார் என்று வருகிறார்களே, அவற்றை நிறுத்த இடம் இல்லை என்று கால்வாயில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மூடி, மேலே சிமெண்டுக் கல் பதித்து விட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் எல்லாம் வைத்தார்கள். நானும் போய்ச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டேன்.

ரிப்பன் வெட்டியவன் எங்கள் வார்டு உறுப்பினன். அவனை 'அவன்' என்று சொல்வதற்கு யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் தெருவில் பிறந்தவன், எங்கள் வீட்டு முற்றத்தில் கோலி ஆடியவன். இன்றைக்கும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் இல்லை. யார் வீட்டுச் சாவு என்றாலும் பாடைக்கு முதலில் தோள் கொடுப்பான். அதனால்தான் எனக்கு அவன்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

கால்வாயை மூடிய பிறகு வந்த முதல் தை மழையிலேயே தண்ணீர் போக வழி இல்லாமல் தெருவில் நின்றது. எங்கள் குழியில் முழங்கால் வரை ஊறிவிட்டது. நல்லவேளை, அன்றைக்கு அவர் தறியில் இல்லை. குழியை இறைத்துக் காயவிட்டுவிட்டு நான் நேராக அவன் ஆபீசுக்குப் போனேன்.

"என்னாக்கா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? தையில ஒரு மழ வர்றது எப்பவும் இருக்கறதுதானே. நாம சின்ன வயசுல இருந்தப்ப வரல?"

"வரலப்பா."

"வந்துதுக்கா, நீ மறந்துட்ட. பஞ்சாங்கத்துலயே இந்த வருஷம் மழ கம்மின்னு போட்டிருக்குது. கவலப்படாம போ."

"பஞ்சாங்கம் வந்து என் வூட்டுத் தண்ணிய எறைக்குமா?" என்று கேட்டேன். அவன் சிரித்து, டீ வாங்கிவரச் சொன்னான். டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு மாசியில் ஒரு மழை. அதற்குள் ஊர் முழுக்க இதே பேச்சு. கூரம் கிராமத்துப் பக்கம் அறுப்புக்கு நின்ற நெல் சாய்ந்துவிட்டது, ஜரிகை கறுக்கிறது, சாயம் காயவில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவன் ஒரு கூட்டம் போட்டான். பள்ளிக்கூடத்து மரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன், என்னைப் பார்க்காமல் அவனால் பேச முடியாது என்பதற்காக.

கூட்டத்தில் அவன் பேச்சு மாறிவிட்டிருந்தது. "தாய்மார்களே, உலகமே மாறிடுச்சு. வெள்ளக்காரன் ஊர்லயே வெள்ளம் வந்துக்கினு இருக்குது. பெரிய பெரிய நாட்டுக்காரன்லாம் கூடிப் பேசிக்கினு இருக்கான். அவனாலயே முடியல. நாம ஒரு தெரு, ஒரு வார்டு, இன்னா பண்ண முடியும் சொல்லுங்க?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"தம்பி, ஒரு சந்தேகம்பா. தையில கேட்டப்ப, ஒண்ணும் மாறல, அதனால ஒண்ணும் செய்ய வேணாம்னு சொன்ன. இப்ப மாசியில, எல்லாம் மாறிடுச்சு, அதனால ஒண்ணும் செய்ய முடியாதுன்ற. நடுவுல ஒரு நாளு, மாறுது, ஏதாவது செய்வோம்னு சொல்ற நாளு ஒண்ணு இருந்திருக்கணுமே. அது எந்த நாளு? நான் ஊட்ல இல்லாதப்ப வந்துட்டு போயிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். "அக்காவுக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி" என்றான். சிரிப்பு முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. எனக்குத்தான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆறவில்லை. வெள்ளைக்காரன் ஊரில் வெள்ளம் வந்தால் எங்கள் தெருக்கோடியில் எதற்குக் கால்வாயை மூட வேண்டும்? உலகத்தை அவன் சரிசெய்ய வேண்டாம். அந்த இடிபாட்டை அள்ளினால் போதும்.

அந்த வருஷமே பங்குனியில் அது நடந்தது.

அன்று எங்கள் பாவு தெருவுக்கு வந்த நாள். சேலையின் நீளவாக்கு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதிகாலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை ஒட்டாமல் பிரித்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுமுன் உலர்த்தி எடுப்போம். பட்டு அப்படி விரித்துக் கிடக்கும்போது மழை பட்டால் போயிற்று, கஞ்சியும் சாயமும் கரைந்து இழைகள் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் எங்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தெருவில் யாருடைய பாவு இருந்தாலும், தூறல் விழுந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவர வேண்டும். பகை இருந்தாலும் வர வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும் வர வேண்டும்.

வானம் சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு கிழக்கே ஒரு கறுப்பு. "பங்குனியில ஏதுடி மழ" என்று நான்தான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. யாரோ "பாவு!" என்று கத்தினார்கள்.

அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு வந்தார். சுவாமி பார்க்கக் கிளம்பிப் பட்டுப்புடவை கட்டியிருந்தவள் அப்படியே வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தார்கள். தெரு நீளத்துக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, பாவை ஒரே உயரத்தில் தூக்கி, குடையும் பாலித்தீன் தாளும் தட்டிகளும் பிடித்து, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், பிள்ளையாரைத் தூக்கிப் போகிற மாதிரி மெதுவாகக் கோயில் மண்டபத்துக்குள் கொண்டுபோனார்கள். அவர்கள் தலையெல்லாம் நனைந்தது. பாவு நனையவில்லை. நான் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் கூட்டத்தில் இல்லை என்று பார்த்தேன். வீட்டைப் பார்த்து ஓடினேன்.

தெருவில் அதற்குள் கணுக்கால் தண்ணீர். போக வழி இல்லாமல் சாக்கடையும் சேர்ந்து எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே ஏறியிருந்தது. தறியில் ஒரு கல்யாணச் சேலை முக்கால்வாசி நெய்தபடி இருந்தது. தறியிலிருந்து கீழே தொங்குகிற விழுதும் கயிறும் நனைந்தால் அந்தச் சேலையும் வீண். வெளியே எல்லாரும் பாவைக் காப்பாற்ற, இந்த மனிதர் உள்ளே சேலையைக் காப்பாற்றக் குழிக்குள் இறங்கிவிட்டார். தொடை வரை கறுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு கயிறுகளை அவிழ்த்து மேலே தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் போவதற்கு முன்பே அங்கே ஒருத்தி இருந்தாள். எங்கள் அடுத்த வீட்டுக்காரி. தெலுங்கு பேசுகிற வீடு. தெருக் குழாயில் யார் குடம் முதலில் என்று ஒரு சண்டை, அதற்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. குப்பையைக் கூட என் வாசல் பக்கம் தள்ளித்தான் பெருக்குவாள். அவள் குழி விளிம்பில் மண்டியிட்டு, என் வீட்டுக்காரரின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏமய்யா, புத்தி இருக்குதா உனக்கு? சேலை போனா வேற நெய்வே. காலு போனா வேற காலு நெய்வியா? ஏறு மேலே!"

"இரும்மா, இன்னும் ஒரு முடிச்சுதான்..."

"முடிச்சாவது மண்ணாவது! ஏறுன்னா ஏறணும்!"

நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாக அவரைத் தூக்கி மேலே போட்டோம். கட்டு எப்போதோ அவிழ்ந்து போயிருந்தது. புண் வாயைத் திறந்துகொண்டு, அதற்குள் சேறு. அவள் என்னைப் பார்த்து, அத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் வார்த்தை, "நல்ல தண்ணி எங்க வெச்சிருக்கே?"

இரண்டாம் நாளே ஜுரம். கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மழை பெய்ததை அவரும் பார்த்தவர்தானே. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரலாம் என்று பெரிய டாக்டர்கள் பேசியபோது, "ஒரு நாள் கொடுங்க சார், நான் பார்க்கிறேன்" என்று அவர்தான் நின்றார். தினமும் தன் டூட்டி முடிந்த பிறகும் வந்து, தானே உட்கார்ந்து புண்ணைக் கழுவினார். கடைசியில் ஒரு விரலோடு போயிற்று. நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையை இழுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தார். பிறகு சொன்னார். "இந்தத் தடவை காப்பாத்திட்டோம்மா. அடுத்த தடவைக்கு இந்தக் காலுக்குத் தாங்கிக்கிற சக்தி இல்லை."

அவர் காப்பாற்றிய கல்யாணச் சேலை பாக்கி இருந்தது. கல்யாண நாள் யாருக்காகவும் தள்ளிப் போகாது. பகலில் எங்கள் மகன் வேலைக்கு லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருக்க, நான் வீட்டுக்கு வந்து, குழியை இறைத்துக் காயவிட்டு, தறியில் உட்கார்ந்தேன். கோர்வைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டுமே. யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தாள். பேசாமல் கோர்வை போட முடியாது. "விடு", "இழு", "பொறு" என்றாவது சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாள் அந்த மூன்று வார்த்தைதான் பேசினோம். மறுநாள் குழாய்ச் சண்டையை எடுத்தாள். அன்றைக்கு யார் குடம் முதலில் இருந்தது என்று மறுபடியும் சண்டை போட்டோம், கை நிற்காமல். சேலை முடிவதற்குள் ஒருத்திக்கு ஒருத்தி தலை வாரிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டோம். குடம் என்னுடையதுதான் முதலில் இருந்தது, அதை நான் இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் வீடு திரும்பிய பிறகு வார்டு உறுப்பினன் ஒரு விழா வைத்தான். மழையில் பாவைக் காப்பாற்றிய தெருவுக்குப் பாராட்டு. அன்றைக்குத் தெருவில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் போனில் சுற்றியிருந்ததாம். எல்லாருக்கும் சால்வை. மேடையைக் கார் நிறுத்துகிற அந்தச் சிமெண்டுக் கல் தரையில் போட்டிருந்தார்கள். மேடையில் ஏறி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, நான் கால்வாயின் மேல் நின்றுகொண்டிருக்கிறேன்.

"இயற்கை சோதிக்கும்போது மனிதநேயம் ஜெயிக்கும்னு இந்தத் தெரு காட்டியிருக்குது" என்று அவன் பேசினான். அழகாகத்தான் பேசினான். எனக்கு அதைக் கேட்கக் கேட்க வேறு ஒன்று புரிந்தது. இவர்கள் ஓடிவந்ததால்தான் அவன் தப்பித்தான். அன்றைக்கு யாரும் வராமல் இருந்திருந்தால் பாவு போயிருக்கும், கால் போயிருக்கும், ஊர் அவனைக் கேட்டிருக்கும். இவர்கள் நல்லவர்களாக இருக்கிற தைரியத்தில் அவன் சும்மா இருக்கிறான். எங்கள் நல்ல மனசு அவனுக்கு ஒரு வசதி.

மைக்கை என்னிடம் கொடுத்து, "அக்கா, ரெண்டு வார்த்த நன்றி சொல்லு" என்றான்.

சொன்னேன். வாயில் நுரையோடு வந்தவருக்குச் சொன்னேன். பஸ்ஸை விட்ட பிள்ளைகளுக்குச் சொன்னேன். பட்டுப்புடவை பாழான பெண்ணுக்குச் சொன்னேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டரம்மா அங்கே இல்லை, அவருக்கும் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரிக்கும் சொன்னேன். அவள் கீழேயிருந்து, "குடம் என்னுதுதான்!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, உனக்கும் நன்றி சொல்லணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்குதுப்பா. சின்ன வயசுலருந்து பாத்த புள்ள நீ. எதுக்குச் சொல்றதுன்னுதான் தெரியல. ஏதாவது ஒண்ணு செய்யி. இதே மைக்ல வந்து சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் மைக்கை வாங்கி, அடுத்த பெயரைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். தனியாக வந்தான், கட்சிக்காரர்கள் யாரும் கூட இல்லை. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். நான் காபி கலந்து கொடுத்தேன்.

"எல்லார் முன்னாடியும் இப்டி சொல்லிட்டியேக்கா."

"பொய்யா சொன்னேன்?"

அவன் காபியைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? எங்க வூட்டுக் குழியிலயும் தண்ணிதான். தையில மழ வந்தது கெடையாதுன்னும் தெரியும். வந்துதுன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே, அப்பவே தெரியும். மாறுதுன்னு ஒத்துக்கினா அப்புறம் கால்வாய தொறக்கணும். பட்டுக் கடைக்காரங்க விட மாட்டாங்க. மேல போய்ச் சொன்னா, எலெக்‌ஷன் முடியட்டும்னு சொல்றாங்க. ஒரு எலெக்‌ஷன் முடிஞ்சா இன்னொண்ணு வந்துடுது. நான் இன்னா பண்ண?"

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவனுக்குத் தெரியாது, புரியாமல் பேசுகிறான், புரிந்துவிட்டால் செய்துவிடுவான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் சத்தமெல்லாம் அந்த நம்பிக்கையில் போட்டதுதான். தெரிந்தவனுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

என் வீட்டுக்காரர் எப்போதும் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். அன்றைக்கு அவர்தான் மெதுவாகச் சொன்னார். "நம்ம தெருவும்தான் தெரிஞ்சே மணல எடுத்துச்சு. உன்ன மட்டும் சொல்லி இன்னா. நாங்க இந்த வருஷம் எடுக்கறதா இல்ல. சிரிக்கறவங்க சிரிக்கட்டும். நீ உன் பங்க செய்யி."

"செய்யறேண்ணா" என்று எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான். "கொஞ்சம் டைம் குடுக்கா. கண்டிப்பா செய்யறேன்."

"நான் எவ்ளோ டைம் வேணா குடுப்பேன்பா" என்றேன். "அந்தக் கால கேளு, அது குடுக்குமான்னு."

அவன் முக்காலியைப் பார்த்தான். விரல் இல்லாத இடத்தில் கட்டு உள்வாங்கி இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். காபி அப்படியே இருந்தது.

என் வீட்டுக்காரர் மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா. காலில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குகிறார். எந்த மாதமாக இருந்தாலும் நான் காலையில் எழுந்ததும் கிழக்கே ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அவரை இறங்க விடுகிறேன். அடுத்த வீட்டுக்காரியும் அவள் வாசலில் நின்று பார்ப்பாள். "சுத்தமா இருக்குது, எறங்கச் சொல்லு" என்பாள்.

கால்வாய் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. அவன் தெருவில் எதிரே வரும்போதெல்லாம் நான் நின்று அவன் முகத்தைப் பார்க்கிறேன். அந்த நன்றியைச் சொல்ல எனக்கு இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காலோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும்.